மாடும் சுறாவும் தந்த புதுத் தோல்!
தீக்காயத்தோடு போராடிய டாக்டரும் என்ஜினீயரும்

மனித உடம்பில் எல்லாவற்றையும்விடப் பெரிய உறுப்பு எது?

இருதயமா? அல்ல. ஈரலா? அல்ல. மூளையா? அதுவும் அல்ல.

தோல்தான்!

வளர்ந்த ஒரு மனிதரின் தோலை விரித்து அளந்தால், ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். ஒரு ஆள் படுக்கும் பாய் அளவு!

அந்தத் தோலில் ஒரு சிறு கீறல் விழுந்தால், சில நாளில் தானாக ஆறிவிடுகிறது. பாதித் தோல் நெருப்பில் வெந்து போனால்? அப்போது உயிரே ஊசலாடுகிறது.

அப்படி ஊசலாடிய உயிர்களைப் பிடித்து நிறுத்த ஒரு டாக்டரும் ஒரு என்ஜினீயரும் சேர்ந்தார்கள். மாட்டின் தோலையும், சுறாமீனின் குருத்தெலும்பையும் எடுத்தார்கள். மனிதனுக்குப் புதுத் தோல் செய்தார்கள். அதற்கு "பேட்டண்ட்" உரிமையும் வாங்கினார்கள்.

அந்தக் கதைதான் இது.

உடம்பின் கோட்டை

தோல் வெறும் போர்வை அல்ல. அது ஒரு கோட்டைச் சுவர்.

வெளியே இருக்கும் கிருமிகளை அது உள்ளே விடுவது இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடுவதும் இல்லை. வெயிலில் வியர்க்க வைத்து உடம்பைக் குளிர்விக்கிறது. குளிரில் சூட்டைக் காப்பாற்றுகிறது. தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரிகிறது.

இந்தச் சுவருக்கு இரண்டு அடுக்கு உண்டு.

மேல் தோல் மிக மெல்லியது. பல இடங்களில் ஒரு தாள் கனம்தான் இருக்கும். அது தேயத் தேய, கீழே இருந்து புதிதாக வளர்ந்து கொண்டே இருக்கும்.

அதன் கீழே இருப்பது உள் தோல். இது கனமானது, வலுவானது. இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

மேல் தோல் போனால் திரும்ப வளரும். ஆனால் உள் தோல் அடியோடு போய்விட்டால், அது திரும்ப வளராது!

அந்த இடத்தில் தழும்புதான் வரும். புண் நான்கு பக்கமும் இருந்து சுருங்கி மூடும். அப்படிச் சுருங்கும்போது கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். முழங்கை நீட்ட முடியாமல் போகும்.

நெருப்பு செய்யும் கொடுமை

பெரிய தீக்காயம் பட்டவருக்கு முதல் ஆபத்து, தண்ணீர் இழப்பு. சுவர் இடிந்த குளம் போல, உடம்பில் இருந்து நீர் வடிந்து போகும்.

அதைச் சமாளிக்க டாக்டர்கள் வழி கண்டார்கள். இரத்தக் குழாய் வழியாக உப்பு நீரை ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் கண்டத்தில் இருந்து பலர் தப்பினார்கள்.

ஆனால் அடுத்த ஆபத்து காத்து இருந்தது. அதுதான் கிருமி.

வெந்து செத்த தோல், கிருமிகளுக்கு விருந்து. திறந்த புண் வழியாக அவை இரத்தத்தில் கலந்துவிடும். முதல் வாரம் பிழைத்தவர்கள்கூட, பிறகு கிருமிக்குப் பலி ஆனார்கள்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. செத்த தோலைச் சீக்கிரமாக அகற்ற வேண்டும். உடனே அந்த இடத்தை மூட வேண்டும்.

எதைக் கொண்டு மூடுவது? அதுதான் கேள்வி!

ஒட்டுப் போட்ட டாக்டர்கள்

பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில், 1869-ம் ஆண்டு, ஷாக் லூயி ரெவெர்டன் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். நோயாளியின் உடம்பில் ஒரு இடத்தில் இருந்து தோலைச் சிறு சிறு துணுக்காக எடுத்துப் புண்ணின் மீது வைத்தார். துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன.

தொடையில் இருந்து எடுத்துக் கையில் ஒட்டும் முறை இப்படித்தான் வளர்ந்தது. சிறிய காயத்துக்கு இது நல்ல முறை.

ஆனால் உடம்பில் நூற்றுக்கு 80 பங்கு வெந்தவருக்கு என்ன செய்வது? எடுப்பதற்கே தோல் இல்லையே!

வேறு ஒருவரின் தோலை வைத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். சில வாரம் அழகாக ஒட்டி இருக்கும். பிறகு உதிர்ந்துவிடும்.

இது ஏன் என்று ஆராய்ந்தவர் பீட்டர் மெடவார் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் அவர் தீக்காய நோயாளிகளிடம் ஆராய்ச்சி செய்தார். 1943-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார். உடம்பு, தன் சொந்தத் தோல் எது, அன்னியத் தோல் எது என்று கண்டுபிடித்துவிடுகிறது. அன்னியத் தோலைப் பகைவனாக நினைத்துத் தாக்குகிறது. இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சிக்காக மெடவாருக்கு 1960-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, சொந்தத் தோல் போதாது. அன்னியத் தோல் நிற்காது. நோயாளி என்ன ஆவார்?

டாக்டரும் என்ஜினீயரும்

இந்தக் கேள்வி ஒரு டாக்டரைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் பெயர் ஜான் பர்க். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பெரிய அறுவைச் சிகிச்சை டாக்டர். தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கான ஷிரைனர்ஸ் ஆஸ்பத்திரியில் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

டாக்டர் படிப்புக்கு முன்பு அவர் ரசாயன என்ஜினீயரிங் படித்தவர். எனவே, "இது மருந்தால் மட்டும் தீரும் காரியம் அல்ல, பொருளைச் செய்யத் தெரிந்தவரும் வேண்டும்" என்று அவருக்குத் தோன்றியது.

அதே பாஸ்டனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கல்வி நிலையம். 1969-ம் ஆண்டு பர்க் அங்கே உதவி தேடிப் போனார்.

அங்கே இருந்தார் அயோனிஸ் யானஸ் என்ற பேராசிரியர். கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் பிறந்தவர். நார்ப் பொருள்களை ஆராய்வது அவர் வேலை. முக்கியமாக, "கொலாஜன்" என்ற நாரை அவர் ஆராய்ந்து வந்தார்.

டாக்டரும் என்ஜினீயரும் கை கோத்தார்கள்.

சென்னையில் தெரிந்த ரகசியம்

கொலாஜன் என்றால் என்ன?

உடம்பைத் தாங்கும் நார் அது. தோலுக்கு வலுவைத் தருவது அதுதான். எலும்பிலும், தசைநாரிலும் அது இருக்கிறது. மாட்டுத் தோலைப் பதனிட்டால் செருப்பாக உழைக்கிறது அல்லவா? அந்த உழைப்புக்கும் கொலாஜன்தான் காரணம்.

அந்த நார் எப்படி அமைந்து இருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது எந்த ஊர் தெரியுமா?

சென்னை!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன், தம்முடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, இதைக் கண்டுபிடித்தார். கங்காருவின் வாலில் உள்ள தசைநாரை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு இருப்பதைக் கண்டார்கள். கிணற்றில் போடும் முப்புரிக் கயிறு போல!

1954-ம் ஆண்டு, லண்டனில் இருந்து வெளியாகும் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. மறு ஆண்டு அதை இன்னும் திருத்தமாக வெளியிட்டார்கள். கொலாஜனை வைத்து ஆராய்ச்சி செய்த யாருக்கும், சென்னையில் கண்ட அந்த முப்புரிதான் அடிப்படைப் பாடம் ஆயிற்று.

சுறாமீன் எதற்கு?

பர்க்கும் யானசும் மாட்டுத் தோலில் இருந்து கொலாஜனை எடுத்தார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது.

வெறும் கொலாஜனைப் புண்ணில் வைத்தால், உடம்பில் உள்ள ரசங்கள் அதைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும். எனவே அதனுடன் இன்னொரு பொருளைச் சேர்த்தார்கள். சுறாமீனின் குருத்தெலும்பில் கிடைக்கும் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் அது. பெயர் காண்டிராய்டின் சல்பேட். அதைச் சேர்த்ததும் கொலாஜன் உடனே கரையாமல் நின்றது.

இரண்டையும் கலந்த குழம்பை உறைய வைத்தார்கள். அதில் நுண்ணிய பனிக்கட்டிகள் உண்டாயின. பிறகு காற்றை நீக்கிய பெட்டியில் வைத்து, பனிக்கட்டி நீராகாமல் ஆவியாகவே போகும்படி செய்தார்கள். பனி இருந்த இடம் எல்லாம் ஓட்டை ஆயிற்று. இட்லியை உடைத்தால் தெரிவது போல, உள்ளே முழுவதும் சிறு சிறு துளைகள்!

அந்தத் துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

ஏமாற்றம் ஆச்சரியம் ஆயிற்று!

இதைக் கினிப்பன்றி என்ற சிறு பிராணியின் புண்ணில் வைத்துச் சோதித்தார்கள்.

புண் வேகமாக மூட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. ஆனால் நடந்தது நேர்மாறு. இந்தப் பொருளை வைத்த புண், வைக்காத புண்ணைவிட மெதுவாகவே சுருங்கியது!

பெரிய ஏமாற்றம்.

ஆனாலும் அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஆறிய இடத்தை நுணுக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள்.

அங்கே தழும்பு இல்லை. அதற்குப் பதிலாக, ஏறக்குறைய இயற்கையான உள் தோல் போலவே புதிய தோல் வளர்ந்து இருந்தது!

வளராது என்று எல்லாரும் சொன்ன உள் தோல், வளர்ந்துவிட்டது. வேகமாகச் சுருங்குவதுதான் தழும்புக்குக் காரணம். சுருங்குவதைத் தடுத்தால், உடம்பு தோலைக் கட்டுகிறது. இதுதான் அவர்கள் கண்ட பெரிய உண்மை.

கட்டடமும் சாரமும்

வீடு கட்டும்போது கொத்தனார் என்ன செய்கிறார்? முதலில் சவுக்குக் கம்புகளை நட்டுச் சாரம் கட்டுகிறார். அதன் மேல் நின்று சுவரை எழுப்புகிறார். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்.

பர்க்கும் யானசும் செய்ததும் ஒரு சாரம்தான்.

புண்ணின் அடியில் இருந்து உயிரணுக்கள் அந்தத் துளைகளுக்குள் ஏறி வருகின்றன. இரத்தக் குழாய்களும் வருகின்றன. உயிரணுக்கள் தங்கள் சொந்தக் கொலாஜனை நூற்றுப் புதுத் தோலைக் கட்டுகின்றன. அவை கட்டக் கட்ட, மாட்டுக் கொலாஜன் கரைந்து கொண்டே போகிறது.

சாரம் சீக்கிரம் கரைந்தால் சுவர் சரிந்துவிடும். கரையாமலே நின்றால் அதைச் சுற்றித் தழும்பு வளரும். சரியான நாளில் கரைய வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் பல ஆண்டு ஆயிற்று.

எல்லாம் சரி. தோல் கட்டி முடியும் வரை கிருமியை யார் தடுப்பது? நீரை யார் காப்பது?

அதற்காக மேலே சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற மெல்லிய படலம் ஒன்றை ஒட்டினார்கள். அது தற்காலிக மேல் தோல்.

ஆக, இயற்கைத் தோலைப் போலவே செயற்கைத் தோலுக்கும் இரண்டு அடுக்கு!

பேட்டண்ட் உரிமை

1975-ம் ஆண்டு இந்தக் கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் கேட்டு மனுச் செய்தார்கள். 1977-ம் ஆண்டு நவம்பரில் உரிமை கிடைத்தது. உரிமை, தொழில்நுட்பக் கழகத்தின் பெயரில் பதிவு ஆயிற்று.

பேட்டண்ட் என்றால் என்ன?

ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தவர் சர்க்காரிடம் போய், "இதை இப்படித்தான் செய்தேன்" என்று முழு விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருள் புதியதாக இருக்க வேண்டும். பயன் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த எவரும் எளிதில் ஊகிக்கக் கூடியதாக இருக்கக் கூடாது.

அதற்குக் கைம்மாறாக, குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அனுமதி இல்லாமல் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் தடுக்கிறது. காலம் முடிந்ததும் யாரும் செய்யலாம்.

பாட்டி வைத்தியரின் மருந்து அவரோடு மறைந்து போகும். பேட்டண்ட் பெற்ற மருந்து மறையாது. அதன் செய்முறை, படிக்கத் தெரிந்த எல்லாரும் படிக்கும்படி பதிவு ஆகிவிடுகிறது.

முதல் நோயாளி

பேட்டண்ட் கிடைத்தால் போதுமா? மனிதருக்கு வைத்துப் பார்க்க வேண்டாமா?

1979-ம் ஆண்டு அந்த நாளும் வந்தது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்த ஒரு பெண், பாஸ்டனில் டாக்டர் பர்க்கிடம் சிகிச்சைக்கு வந்தார். எடுத்து ஒட்டப் போதுமான தோல் அவரிடம் இல்லை.

டாக்டர் வெந்த தோலை அகற்றினார். அந்த இடத்தில் செயற்கைத் தோலை விரித்துத் தைத்தார்.

நாட்கள் சென்றன. கீழே புதிய உள் தோல் வளர்ந்தது! பிறகு சிலிக்கோன் படலத்தை உரித்து எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் சொந்த மேல் தோலை மிக மெல்லியதாக எடுத்து மேலே ஒட்டினார்.

எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! அவ்வளவு மெல்லியதாக எடுத்தால், எடுத்த இடம் சில நாளிலேயே ஆறிவிடும். அதே இடத்தில் இருந்து மறுபடியும் எடுக்கலாம். குறைந்த தோலை வைத்து நிறைய இடத்தை மூடலாம்.

1981-ம் ஆண்டு, பர்க்கும் யானசும் 10 நோயாளிகளின் விவரத்தை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளுக்கு உடம்பில் நூற்றுக்கு 50 பங்கு முதல் 95 பங்கு வரை தீக்காயம். அவர்களுக்குச் செயற்கைத் தோல் நன்றாக ஒட்டியது. உடம்பு அதைப் பகைவனாக நினைத்துத் தள்ளவில்லை. உலகம் வியந்தது.

15 ஆண்டுக் காத்திருப்பு

ஆனால் வியப்போடு காரியம் முடிந்துவிடவில்லை.

ஒரு டாக்டரின் கையில் வெற்றி பெற்றது, எல்லா டாக்டர்களின் கையிலும் வெற்றி பெறுமா? அதைச் சோதிக்க வேண்டும். 11 ஆஸ்பத்திரிகளில் 106 நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1988-ல் வெளியாயிற்று.

பழைய முறைக்கு இது குறைந்தது அல்ல என்று தெரிந்தது. தோலை மெல்லியதாக எடுத்ததால், எடுத்த இடம் சீக்கிரம் ஆறியது.

ஒவ்வொரு தோலும் கிருமி இல்லாமல், ஒரே தரத்தில் செய்யப்பட வேண்டும். அதற்குத் தொழிற்சாலை வேண்டும்; பணம் வேண்டும். இன்டெக்ரா என்ற கம்பெனி இறுதியில் அந்த வேலையை ஏற்றது. 1996-ம் ஆண்டுதான் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா விற்பனைக்கு அனுமதி கொடுத்தது.

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு பேட்டண்டின் ஆயுள், கிடைத்த நாளில் இருந்து 17 ஆண்டு. 1977-ல் கிடைத்த முதல் பேட்டண்டுக்கு அந்தக் கணக்குப்படி 1994-ல் 17 ஆண்டு நிறைந்துவிட்டது. பொருளோ 1996-ல்தான் கடைக்கு வந்தது! பிறகு செய்த திருத்தங்களுக்கு வாங்கிய பேட்டண்டுகள்தான் துணை நின்றன.

மருத்துவக் கண்டுபிடிப்பு என்பது இரவு கண்ட கனவு காலையில் பலிப்பது போல் அல்ல. தென்னை வைத்துக் காத்திருப்பது போல.

தட்டில் வளர்ந்த மேல் தோல்

இதே பாஸ்டன் வட்டாரத்தில், இதே காலத்தில், இன்னொரு விஞ்ஞானியும் தோலைப் பற்றி ஆராய்ந்து வந்தார். அவர் ஹோவர்ட் கிரீன்.

பர்க்கும் யானசும் உள் தோலை வளர்த்தார்கள். கிரீன் மேல் தோலை வளர்த்தார்!

1975-ம் ஆண்டு, தம் மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டோடு சேர்ந்து, மனிதரின் மேல் தோல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டு போன்ற கலத்தில் வளர்க்கும் முறையை அவர் வெளியிட்டார். அந்த உயிரணுக்கள் தனியாக வளர மறுத்தன. பெருகாதபடி செய்த சுண்டெலி உயிரணுக்களைத் துணைக்கு வைத்ததும், அவை மளமளவென்று பெருகின. பிள்ளைக்குத் தாதி போல!

தபால் தலை அளவுத் தோலை எடுத்துக் கொடுத்தால் போதும். மூன்று நான்கு வாரத்தில் ஒரு ஆளின் உடம்பையே மூடும் அளவு மேல் தோல் தயார்!

1983-ம் ஆண்டு, உடம்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெந்த இரண்டு சிறுவர்கள் பாஸ்டனுக்குக் கொண்டு வரப்பட்டார்கள். அண்ணனுக்கு 6 வயது. தம்பிக்கு 5 வயது. எரியாமல் இருந்த அக்குள் பகுதியில் இருந்து சிறு துண்டுத் தோலை எடுத்தார்கள். அதை வளர்த்து, அவர்கள் உடம்பில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள்.

இரண்டு சிறுவர்களும் பிழைத்தார்கள்! அதுவரை அவ்வளவு தீக்காயத்தோடு பிழைப்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

சிறுவனுக்கு மறுபிறப்பு

கிரீன் போட்ட விதை இத்தாலி நாட்டில் மரம் ஆயிற்று. அவரிடம் பயின்ற மிகேலே டி லூகா என்ற இத்தாலிய விஞ்ஞானி, ஒரு படி மேலே போனார்.

2015-ம் ஆண்டு ஜெர்மனியில் போகும் என்ற நகரத்து ஆஸ்பத்திரிக்கு 7 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டு வரப்பட்டான். அவனுக்கு நெருப்புச் சுடவில்லை. பிறவிக் கோளாறு. மேல் தோலையும் உள் தோலையும் ஒட்டிவைக்கும் பசை அவன் உடம்பில் சரியாக உண்டாகவில்லை. தொட்டால் கொப்புளம், உரசினால் புண். கிருமியும் சேர்ந்து, மேல் தோலில் பெரும் பகுதி போய்விட்டது.

தந்தை தம் தோலைக் கொடுத்தார். அது ஒட்டவில்லை.

கடைசி முயற்சியாக, கொப்புளம் இல்லாத இடத்தில் இருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்தார்கள். இத்தாலிக்கு அனுப்பினார்கள். டி லூகாவின் குழுவினர் அந்த உயிரணுக்களில் இருந்த பிறவிக் குறையைத் திருத்தி, பிறகு வளர்த்தார்கள். வளர்ந்த தோலைக் கொண்டு சிறுவனின் உடம்பில் நூற்றுக்கு 80 பங்கை மூடினார்கள்.

2016 பிப்ரவரியில் சிறுவன் வீடு திரும்பினான். 2017-ல் இந்தச் செய்தி வெளியானபோது, அவன் பள்ளிக்கூடம் போய்க் கொண்டு இருந்தான். பந்தும் விளையாடினான்!

இன்னும் வராதது

இவ்வளவு செய்தும், மனிதன் செய்த தோல் இயற்கைத் தோலுக்கு ஈடு ஆகவில்லை.

புதுத் தோலில் முடி முளைப்பது இல்லை. வியர்வைச் சுரப்பி இல்லை. பெரும் பகுதி புதுத் தோல் உள்ளவர், வெயிலில் வியர்க்க முடியாமல் தவிப்பார். செயற்கைத் தோலின் அடியில் கிருமி புகுந்தால், அதை எடுத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

விலையும் அதிகம். தீ யாரை அதிகமாகச் சுடுகிறதோ, அந்த ஏழை வீட்டுக்கு இது எளிதில் எட்டுவது இல்லை. இந்த ஆராய்ச்சியின் முன்னால் இன்றும் நிற்கும் பெரிய கேள்வி இதுதான்.

எனவே பல ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த தோல் இன்றும் பயன்படுகிறது. அது நிலையாக ஒட்டாவிட்டாலும், சில வாரம் கிருமியைத் தடுத்து உயிரைக் காக்கிறது. கண் தானம் போலத் தோல் தானமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டில் தீப்பட்டால்...

செயற்கைத் தோல் வரை போகாமல் காப்பது வீட்டில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ பெரிதாகும். உடனே கீழே படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான போர்வையால் மூடித் தீயை அணைக்கலாம்.

வெந்த இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். சூடு உள்ளே இறங்குவதைத் தடுப்பது இதுதான். ஆனால் ஐஸ் கட்டி வைக்கக் கூடாது.

வளையல், மோதிரம், கொலுசு முதலியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்து இழுக்கக் கூடாது.

இங்கி, பற்பசை, எண்ணெய், மாவு, மஞ்சள் எதையும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். குழந்தைகளுக்கும், பெரிய காயம் பட்டவர்களுக்கும், மற்ற இடம் குளிர்ந்துவிடாமல் போர்த்த வேண்டும்.

மின்சாரம் தாக்கி இருந்தால், முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதற்கு முன் அவரைத் தொடக் கூடாது.

இருவரின் பெயரும் ஒரே வரிசையில்

டாக்டர் பர்க் 2011-ம் ஆண்டு 89-வது வயதில் காலமானார். 2015-ம் ஆண்டு, அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்தில் பர்க், யானஸ் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டன. மின்சார விளக்கு எடிசன், விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் ஆகியோரின் பெயர்கள் இருக்கும் மண்டபம் அது.

டாக்டருக்குப் புண் தெரியும், நார் தெரியாது. என்ஜினீயருக்கு நார் தெரியும், புண் தெரியாது. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். கங்காரு வாலை வைத்துச் சென்னையில் போட்ட கணக்கும் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

மாடு உழைத்து மனிதனுக்குச் சோறு போட்டது. செத்த பிறகு செருப்பாக உழைத்தது. இப்போது வெந்து போன மனிதனுக்கு மேனியாகவும் ஆகிறது!